ஜனவரி முதல் தேதி ஜாபிதா

ஆங்கில வருஷப் பிறப்பன்று உலகெங்கும் வாழ்த்துக் கடிதங்கள் பறக்கின்றன. அதே தினத்தில் டில்லியும் இஸ்லாமாபாத்தும் பரிமாறிக் கொள்ளும் கடிதமோ வேறு தினுசானது. அதில் வாழ்த்துக்கு இடமில்லை. எமது தேசத்தில் அணுசக்தி நிலையங்கள் இன்னின்ன இடங்களில் இருக்கின்றன என்று ஒவ்வொரு சர்க்காரும் மற்ற சர்க்காருக்கு எழுதிக் கொடுக்கும் ஜாபிதா அது. இரு தலைநகரங்களிலும் ஒரே நாளில், தூதராலயங்களின் மூலமாக, அது கைமாறுகிறது. 1992-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி தொடங்கிய இந்த வழக்கம் ஆண்டு தவறாமல் நடந்து வந்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் தேதி நடந்தது 34-வது பரிமாற்றம்.

மறுநாள் பத்திரிகைகளில் இதைப் பற்றி நாலைந்து வரிச் செய்தி வரும். அதுவும் உள்பக்கத்தில், ஒரு மூலையில். கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை. ஆயினும், இந்தியாவின் பாதுகாப்புக்கு உதவும் தஸ்தாவேஜுகள் யாவை என்று நம்மை யாரேனும் கேட்டால், பெரிய பெரிய உடன்படிக்கைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, உப்புச் சப்பில்லாத இந்த ஜாபிதாவைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவோம். ஏன் என்பதை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

விஷயத்தைக் கேட்டதும் தேசாபிமானம் உள்ள எவருக்கும் திடுக்கென்றுதான் இருக்கும். நாலு யுத்தம் செய்து முடித்த அண்டை நாட்டாரிடம் போய், இரும்புப் பெட்டி இருக்கும் அறையை நாமே காட்டிக் கொடுப்பதா என்ற கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லுவதற்கு முன்னால், இந்த ஏற்பாடு பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

1981-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி இஸ்ரேல் நாட்டு விமானங்கள், பாக்தாத் நகரத்துக்கு அருகே ஈராக் கட்டிக் கொண்டிருந்த ஓஸிராக் அணு உலையைக் குண்டு போட்டுத் தகர்த்தன. உலகத்துக்கு அது ஒரு புதிய பாடம். எதிரி அணுகுண்டு செய்வதற்கு முன்பே அவனுடைய உலையை இடித்துவிடலாம் என்ற யோசனை பல தேசத்து ராணுவ நிபுணர்களின் தலையில் அன்றைக்குப் புகுந்தது. ராவல்பிண்டிக்குப் பக்கத்தில் கஹூட்டா என்ற இடத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை நடத்திக் கொண்டிருந்த பாகிஸ்தானுக்கு, அடுத்த குண்டு தன் தலைமேல்தான் என்ற பயம் பிடித்தது. நமக்கும் கவலை இல்லாமல் இல்லை. நமது அணுசக்தி ஆராய்ச்சியின் பிறந்த வீடான டிராம்பே, ஜனங்கள் நெருங்கி வாழும் பம்பாயை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஒரு குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கும்.

1985 டிசம்பர் மாதம் ஜெனரல் ஜியா-உல்-ஹக் டில்லிக்கு வந்தபோது, அவரும் ஸ்ரீ ராஜீவ் காந்தியும், ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று வாய்மொழியாக ஒப்புக் கொண்டார்கள். வாய்மொழி எழுத்தாக மாறுவதற்கு முழுசாக மூன்று வருஷம் பிடித்தது. அந்த மூன்று வருஷத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். 1986 ஏப்ரலில் ரஷ்யாவின் ஆதிக்கத்தில் இருந்த உக்ரைனில் செர்னோபில் உலை வெடித்தது. இரண்டே நாளில் அதன் விஷம் காற்றில் மிதந்து ஸ்வீடன் தேசத்து அணுமின் நிலையத்தில் தென்பட்டது. யுத்தம் இல்லாமலே இந்தக் கதி என்றால், குண்டு போட்டு உடைத்தால் என்ன ஆகும்? கஹூட்டாவை உடைத்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? பஞ்சாபின் கோதுமை வயல்களுக்கு எல்லைக்கோடு தெரியும், காற்றுக்குத் தெரியாது. அதே வருஷக் கடைசியில், ராஜஸ்தான் பாலைவனத்தில் நமது சேனை 'பிராஸ்டாக்ஸ்' என்ற மாபெரும் ஒத்திகையைத் தொடங்கிற்று. ஒத்திகையா, படையெடுப்பா என்று தெரியாமல் பாகிஸ்தான் தன் படைகளை எல்லைக்கு நகர்த்தியது. 1987 ஜனவரியில் இரு தேசங்களும் யுத்தத்தின் வாசற்படியில் நின்றன. பிப்ரவரியில் ஜெனரல் ஜியா, கிரிக்கெட் பார்க்கும் சாக்கில் ஜெய்ப்பூருக்கு வந்து சேர்ந்தார். இருவரும் மெள்ள மெள்ளப் பின்வாங்கினார்கள்.

பிறகு ஜியா விமான விபத்தில் மாண்டார். ஸ்ரீமதி பேனஸீர் புட்டோ பிரதம மந்திரியானார். 1988 டிசம்பர் 31-ந் தேதி, இஸ்லாமாபாத்தில், இரு பிரதமர்களின் முன்னிலையில், இரு தேசத்து வெளிநாட்டு இலாகாக் காரியதரிசிகள் மூன்று ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். ஒன்று கலாசார உறவைப் பற்றியது. இன்னொன்று விமானப் போக்குவரத்தில் இரட்டை வரி விதிக்காமல் இருப்பதைப் பற்றியது. மூன்றாவதுதான் நாம் பேசிக் கொண்டிருக்கும் விஷயம். அப்படியும் அது அமலுக்கு வர 1991 ஜனவரி 27-ந் தேதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் மிகச் சிறியது. மூன்றே ஷரத்துக்கள். மற்றவரின் அணு நிலையத்தை அழிக்கவோ, சேதப்படுத்தவோ முயலக் கூடாது. நேராகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. பிறரை அதற்குத் தூண்டுவதும் கூடாது. இந்தக் கடைசி வாசகத்தில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. மூன்றாவது தேசம் ஒன்று வந்து, எங்கள் விமானம் இறங்கி எண்ணெய் போட்டுக் கொள்ள மட்டும் இடம் கொடு என்று கேட்டாலும் கொடுக்க முடியாது. எவையெல்லாம் அணு நிலையம் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது: மின்சார உலைகள், ஆராய்ச்சி உலைகள், எரிபொருள் செய்யும் ஆலைகள், செறிவூட்டும் ஆலைகள், கதிரியக்கப் பொருள்களைப் பெருமளவில் சேர்த்து வைக்கும் கிடங்குகள். ஒவ்வொன்றும் பூமிப் படத்தில் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதை வருஷா வருஷம் ஜனவரி முதல் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். இடையில் மாறுதல் ஏற்பட்டால் அதையும் சொல்ல வேண்டும்.

ஜாபிதாவில் இருப்பதை இரு சர்க்கார்களும் வெளியிடுவதில்லை. ஆனால் மின்சார உலைகள் அதில் அடங்கும் என்று ஷரத்தே கூறுவதால், நமது கல்பாக்கமும் கூடங்குளமும் இந்த ஒப்பந்தத்தின் குடையின் கீழ் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. எல்லைச் சண்டை என்றால் வடக்கே எங்கோ நடக்கும் சமாசாரம் என்று எண்ணுவது தென்னாட்டில் நமக்குப் பழக்கமாகிவிட்டது. 1988-ல் அது ஓரளவு சரியாகக்கூட இருந்திருக்கலாம். 2015-ல் பாகிஸ்தான் சோதித்துப் பார்த்த ஷாஹீன்-3 என்ற ஏவுகணை 2,750 கிலோமீட்டர் போகும் என்று அந்நாட்டுச் சேனையே அறிவித்தது. அந்தத் தூரத்துக்குள் தென்னாடு முழுவதும் அடக்கம். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கியிருக்கும் குடும்பத்தாருக்கும் இந்த நாலு வரிச் செய்தியில் சம்பந்தம் உண்டு.

இனி, இரும்புப் பெட்டிக் கேள்விக்கு வருவோம். அணு உலை என்பது கொல்லைப்புறத்தில் புதைத்து வைக்கக் கூடிய நகை மூட்டை அல்ல. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கிரகங்கள் அதன் புகைபோக்கியைக்கூடப் படம் பிடித்துவிடுகின்றன. ஆகையால் ஜாபிதாவினால் எதிரிக்குப் புதிதாகக் கிடைக்கும் தகவல் சொற்பமே. அவனுக்கு ஏற்படும் நிர்ப்பந்தம்தான் பெரிது. "தெரியாமல் அடித்துவிட்டோம், சர்க்கரை ஆலை என்று நினைத்தோம்" என்று பிற்பாடு சொல்ல முடியாது. விலாசம் அவன் கையில் இருக்கிறது. பெற்றுக் கொண்டதற்கு அவன் தூதரே சாட்சி.

குறை இல்லையா? இருக்கிறது. எதிரி கொடுத்த ஜாபிதா முழுமையானதா என்று போய்ப் பார்க்க இந்த ஒப்பந்தத்தில் வழியில்லை. மீறினால் தண்டனை என்ன என்றும் எழுதவில்லை. காகிதம் குண்டைத் தடுக்குமா என்று பரிகசிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு நாம் தர்க்கத்தினால் பதில் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

2001 டிசம்பர் 13-ந் தேதி நமது பார்லிமெண்டு மாளிகையைப் பயங்கரவாதிகள் தாக்கினார்கள். இரு சேனைகளும் எல்லையில் முகத்துக்கு முகம் வந்து நின்றன. தூதரை டில்லி திரும்பி வரச் சொல்லிவிட்டது. ரயிலும் விமானமும் நின்றன. அந்த அமளியின் நடுவே 2002 ஜனவரி முதல் தேதி வந்தது, ஜாபிதா கைமாறிற்று. 2008 நவம்பரில் பம்பாயில் மூன்று நாள் ரத்தக்களரி. ஐந்து வாரம் கழித்து 2009 ஜனவரி முதல் தேதி, ஜாபிதா கைமாறிற்று. கார்கில் மலைகளில் சண்டை நடந்த 1999-க்குப் பிறகும், பாலாகோட் தாக்குதல் நடந்த 2019-க்குப் பிறகும் இதே கதைதான்.

எல்லாவற்றையும் விடக் கடுமையான சோதனை 2025-ல் வந்தது. ஏப்ரல் 22-ந் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் சிந்து நதி உடன்படிக்கையை நிறுத்தி வைப்பதாக டில்லி அறிவித்தது. அதற்கு மறுநாள், சிம்லா ஒப்பந்தம் உட்பட இந்தியாவுடன் செய்துகொண்ட சகல ஒப்பந்தங்களையும் நிறுத்தி வைக்கத் தனக்கு உரிமை உண்டு என்று பாகிஸ்தான் முழங்கியது. மே 7-ந் தேதி முதல் நாலு நாள் சண்டை நடந்தது. நமது விமானப் படையின் தாக்குதலுக்கு உள்ளான தளங்களில் சர்கோதாவும் ஒன்று. அதன் அருகே கிரானா குன்றுகள் இருக்கின்றன. பாகிஸ்தானின் அணுச் சரக்கு அங்கேதான் இருக்கிறதென்றும், அதன்மேல் இந்தியா குண்டு போட்டுவிட்டதென்றும், கதிரியக்கம் கசிகிறதென்றும் ஒரு வதந்தி கிளம்பி, இரண்டே நாளில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. நம் ஊரில்கூடச் சிலர் அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை!

மே 12-ந் தேதி பத்திரிகை நிருபர்கள் இதைப் பற்றிக் கேட்டபோது, ஏர் மார்ஷல் பார்தி புன்னகையுடன், அங்கே அணு நிலையம் இருப்பதைத் தெரிவித்ததற்கு வந்தனம் கூறினார். தமக்கு அது தெரியாது என்றும், கிரானா குன்றுகளைத் தாக்கவில்லை என்றும் சொன்னார். சர்வதேச அணுசக்தி ஸ்தாபனமும், பாகிஸ்தானில் எந்த நிலையத்திலிருந்தும் கதிரியக்கம் கசியவில்லை என்று அறிவித்தது. சகல ஒப்பந்தங்களும் அந்தரத்தில் தொங்கிய அந்த நாலு நாட்களில், அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்ற இந்த ஒன்று மட்டும் தன் இடத்தை விட்டு அசையவில்லை.

இது எவ்வளவு அபூர்வம் என்பதை அறிய, மற்றத் தேசங்களைப் பார்க்க வேண்டும். 2022 மார்ச்சு 4-ந் தேதி ரஷ்யச் சேனை உக்ரைனில் ஸபோரீஷியா அணுமின் நிலையத்தைச் சண்டை போட்டுப் பிடித்தது. ஐரோப்பாவிலேயே பெரியது அது. ஆறு உலைகள் உள்ளது. 2025 ஜூன் மாதம் ஈரானின் நதான்ஸ் நிலையத்தை இஸ்ரேலும், பிறகு போர்டோ, நதான்ஸ், இஸ்பஹான் மூன்றையும் அமெரிக்காவும் தாக்கின. அணுமின் நிலையங்களைத் தாக்கலாகாது என்று 1977-ம் வருஷ ஜினீவா உபவிதி ஒன்று சொல்லுகிறது. விலக்குகளும் சேர்த்தே சொல்லுகிறது. அந்த உபவிதியை இந்தியாவும் ஊர்ஜிதம் செய்யவில்லை, பாகிஸ்தானும் செய்யவில்லை. ஓயாமல் சண்டை போடுவதாக உலகம் ஏளனம் செய்யும் இந்த இரண்டு தேசங்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அதைவிடக் கண்டிப்பானது.

ஜனவரி ஜாபிதாவுக்குச் சகோதரங்கள் சில உண்டு. 1991 ஏப்ரலில், பெரிய ராணுவ ஒத்திகைகளை முன்கூட்டித் தெரிவிப்பது என்றும், போர் விமானங்கள் மற்றவரின் ஆகாய எல்லைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் போகாமல் இருப்பது என்றும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. பிராஸ்டாக்ஸ் கற்பித்த பாடம் அது. 1971 யுத்தத்திற்குப் பிறகு, இரு சேனைகளின் நடவடிக்கை டைரக்டர் ஜெனரல்களுக்கு இடையே நேர் டெலிபோன் ஒன்று போடப்பட்டது. 2025 மே 10-ந் தேதி பிற்பகல் 3 மணி 35 நிமிஷத்துக்கு அந்த உத்தியோகஸ்தர்களில் பாகிஸ்தான் தரப்பினர் நம்மவரைக் கூப்பிட்டார்; மாலை 5 மணி முதல் தரையிலும் ஆகாயத்திலும் கடலிலும் சண்டையை நிறுத்துவதென்று முடிவாயிற்று. இதற்கெல்லாம் காரணகர்த்தா தாம்தான் என்று வாஷிங்டனிலிருந்து ஒருவர் பல தடவை பறைசாற்றிக் கொண்டார். அந்தத் தகராறில் நாம் புகப் போவதில்லை. யார் யாரைத் தூண்டியிருந்தாலும், கடைசியில் பேச ஒரு டெலிபோன் வேண்டியிருந்தது அல்லவா?

2005 அக்டோபரில் ஏவுகணைச் சோதனையைப் பற்றிய ஒப்பந்தம் வந்தது. சோதனைக்கு மூன்று நாளாவது முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். ஏவும் இடம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்ளும், விழும் இடம் 75 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கலாகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மேலே எழும்பி வளைந்து வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. விமானம் போல் தாழப் பறந்து போகும் குரூஸ் ஏவுகணைகளைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

அந்த ஓட்டையின் அபாயம் 2022 மார்ச்சு 9-ந் தேதி மாலையில் வெளிப்பட்டது. நமது விமானப் படையின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, எல்லையைக் கடந்து, பாகிஸ்தான் ஆகாயத்தில் ஏறக்குறைய மூன்றே முக்கால் நிமிஷம் பறந்து, மியான் சன்னு என்ற ஊருக்கு அருகே விழுந்தது. அதன் தலையில் வெடிமருந்து இல்லை. உயிர்ச் சேதமும் இல்லை. மறுநாள் பாகிஸ்தான் அதை வெளியிட்டது. மார்ச்சு 11-ந் தேதிதான் டில்லி வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது. ஆகஸ்டு மாதம் மூன்று அதிகாரிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அன்று மாலை இரு தேசங்களுக்கும் இடையே சண்டை எதுவும் இருக்கவில்லை; அது நம் எல்லாருடைய அதிர்ஷ்டம். இதே தவறு 2025 மே மாதம் ஒன்பதாம் தேதி இரவு நேர்ந்திருந்தால், அந்த மூன்றே முக்கால் நிமிஷத்தில் எதிர்ப்பக்கத்து அதிகாரி, வருவது வெறும் இரும்புக் குழாய் என்று நினைத்திருப்பாரா, அல்லது வேறு ஏதேனும் நினைத்திருப்பாரா? நினைத்ததைச் செய்வதற்கு முன் யாரிடம் கேட்டுத் தெளிந்திருப்பார்?

ஆகவே, சர்க்காருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். 2005-ம் வருஷ ஒப்பந்தத்தில் குரூஸ் ஏவுகணையையும் சேர்க்க வேண்டும். ஏவுகணையோ ஆளில்லா விமானமோ தவறி எல்லை தாண்டினால் அந்த நிமிஷமே டெலிபோனில் சொல்லியாக வேண்டும் என்று எழுதிக் கொள்ள வேண்டும். பயங்கரவாதமும் பேச்சு வார்த்தையும் கூடவே நடக்க முடியாது என்பது டில்லியின் கொள்கை. அந்தக் கொள்கையில் நியாயம் உண்டு. நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் இது பேச்சு வார்த்தை அல்ல. காஷ்மீரைப் பற்றியோ சிந்து நீரைப் பற்றியோ இதில் ஒரு சொல் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. கைகுலுக்கிப் புகைப்படம் எடுத்துக் கொள்ளவும் வேண்டியதில்லை. உறவு சீர்ப்பட்ட பிறகுதான் இவையெல்லாம் முடியும் என்று சொல்லுகிறவர்கள் பழைய தேதிகளைப் புரட்டிப் பார்க்கட்டும். 1991-ம் வருஷ ஒப்பந்தங்கள் கையெழுத்தானபோது காஷ்மீர் பற்றி எரிந்து கொண்டிருந்தது. அணு ஆயுத விபத்து நேர்ந்தால் உடனே தெரிவிப்பது என்ற ஒப்பந்தம் டில்லியில் 2007 பிப்ரவரி 21-ந் தேதி கையெழுத்தாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்னால்தான், பிப்ரவரி 18-ந் தேதி இரவு, பானிபட்டுக்கு அருகில் சம்ஜௌதா ரயிலில் குண்டு வெடித்து 68 பேர் மாண்டிருந்தார்கள். அதற்காக யாரும் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை.

இன்னொரு ஜாபிதாவையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2008-ம் வருஷ ஒப்பந்தத்தின்படி, ஜனவரி முதல் தேதியும் ஜூலை முதல் தேதியும், தத்தம் சிறைகளில் இருக்கும் மற்ற நாட்டுக் கைதிகளின் பெயர்களை இரு சர்க்கார்களும் பரிமாறிக் கொள்ளுகின்றன. மே மாதச் சண்டை ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2025 ஜூலை முதல் தேதியன்றும் அது நின்றுவிடவில்லை. இந்தியா 382 கைதிகளின் பெயரையும் 81 மீனவரின் பெயரையும் கொடுத்தது. பாகிஸ்தான் 53 கைதிகளின் பெயரையும் 193 மீனவரின் பெயரையும் கொடுத்தது. நம் மீனவர்களில் பெரும்பாலோர் கூர்ஜரக் கரையிலிருந்து போனவர்கள். ஸர் கிரீக் ஓடைக்கு அப்பால் கடலில் எல்லைக்கோடு எது என்று இரு சர்க்கார்களும் இன்னும் முடிவு செய்து கொள்ளவில்லை. சர்க்கார்களுக்கே தெரியாத கோட்டைத் தாண்டியதற்காகப் படகையும் ஆளையும் பிடித்துக் கொண்டு போகிறார்கள். இராமேசுவரத்துக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் ஜாபிதாவில் வந்தால், ஆள் உயிரோடு இருக்கிறான் என்று வீட்டாருக்குத் தெரிகிறது. தூதராலயத்து அதிகாரி சிறைக்குப் போய்ப் பார்க்க வழி பிறக்கிறது. ஆனால் தண்டனைக் காலம் முடிந்த பின்னும், இன்னான் எந்தத் தேசத்துப் பிரஜை என்று ஊர்ஜிதம் செய்யும் காகிதம் ஆபீஸுக்கு ஆபீஸ் நடந்து முடியும் வரையில், பலர் மாதக் கணக்கில் உள்ளேயே கிடக்கிறார்கள். மீனவர் விஷயத்திலாவது, தண்டனை முடிந்த இத்தனை நாளைக்குள் படகோடு அனுப்பி வைப்பது என்று ஒரு கெடுவை இரு தரப்பும் எழுதிக் கொள்ளலாம். அடுத்த ஜாபிதாவைக் கொடுக்கும்போதே அந்தப் பிரஸ்தாபத்தையும் கூட வைத்து அனுப்ப டில்லிக்குத் தடை ஒன்றும் இல்லை.